கையொப்பமும் சம்மதமும்

ஒருவர் தாமே விரும்பிக் கையொப்பமிட்ட ஓர் ஒப்பந்தத்தினாற் பின்னர் துன்புறுவாராயின், அத்துன்பத்திற்கு அவரே பொறுப்பு என்பது உலக வழக்கு. "வாசித்துப் பார்த்துத்தானே ஒப்பமிட்டீர்?" என்று கேட்பவரின் குரலில் நியாயம் இருப்பது போலவே தோன்றும். தற்காலிக வேலை விசாவிற் பிறநாட்டு வைத்தியசாலைகளுக்குச் செல்லும் தாதியரைப் பற்றிப் பேசப்படும்போதெல்லாம் இக்குரல் கேட்கின்றது. அவர்கள் எழுத்தறிவற்றவரல்லர். பல ஆண்டுகள் பயின்று, பரீட்சைகளில் தேறி, மருந்தின் அளவைத் துளி பிசகாமற் கணிக்கத் தெரிந்தவர்கள். அத்தகையோர் இட்ட கையொப்பத்தைச் சம்மதம் என்று கொள்ளாது வேறெதனைச் சம்மதம் என்று கொள்வது? இவ்வினாவிற்கு விடை வெளிப்படை என எண்ணுவோர் பலர். ஆயின், இதனுள்ளே இன்னொரு வினா மறைந்து கிடக்கின்றது. உட்புகும்போது பெறப்பட்ட சம்மதம், வெளியேறும் வாயில் அடைக்கப்பட்ட பின்னரும் சம்மதமாகவே நிலைபெறுமா என்பதே அது.

சம்மதம் பற்றிய ஐயம் மிகப் பழையது. அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் மூன்றாம் பகுதியிற் புயலில் அகப்பட்ட கப்பலொன்றை எடுத்துக்காட்டுவார். உயிர் தப்பும் பொருட்டு மாலுமிகள் சரக்கைக் கடலில் எறிகின்றனர். அச்செயல் விருப்புடன் செய்யப்பட்டதா, விருப்பின்றிச் செய்யப்பட்டதா? எறியும் கை அவர்களுடையது, தீர்மானமும் அவர்களுடையது, எனினும் புயல் இல்லாவிடின் எவரும் தம் சரக்கைத் தாமே கடலுக்கு ஈவாரல்லர். இதனை இருதன்மையும் கலந்த செயலாகக் கண்ட அவர், செய்யப்படும் அக்கணத்தில் அது பெரிதும் விருப்பின்பாற்பட்டதே என்றும் கருதினார். இப்பிற்கூற்றே பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. வறுமை துரத்தியது என்ற காரணத்தினாலேயே ஒரு தாதியின் கையொப்பம் அவருடையது அன்று எனக் கூறுதல் அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். தம்பியின் படிப்பு, தந்தையின் மருத்துவச் செலவு, வீட்டின் மீதுள்ள ஈடு ஆகிய யாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தே அவர் கடல் கடக்கத் துணிகின்றார். அவரை ஏமாளி என்று கொள்வதில் இரக்கம் இருக்கலாம், மதிப்பு இல்லை.

எனவே, புறப்படும் கணத்தை மட்டும் ஆராய்ந்து இவ்வினாவைத் தீர்த்தல் இயலாது. இவ்விடத்தில் இன்னொரு கப்பல் துணைக்கு வருகின்றது. அரசுக்கு மக்கள் வாய்விட்டுக் கூறாத சம்மதத்தை அளித்துள்ளனர் என்ற கோட்பாட்டை மறுக்கப் புகுந்த டேவிட் ஹியூம், 1748ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையொன்றிற் பின்வருமாறு வாதிட்டார். உறங்கிக்கொண்டிருந்த ஒருவனைத் தூக்கிக் கப்பலில் ஏற்றிவிட்டனர். கப்பல் நடுக்கடலில் நிற்கின்றது. அவன் கடலிற் குதிக்காது கப்பலிலேயே இருப்பதனால் தலைவனின் ஆணைக்கு உடன்பட்டவனாகிவிடுவானா? பிறமொழி அறியாத, அன்றாடக் கூலியில் வாழும் ஏழை, நாட்டை விட்டு வெளியேறாதிருப்பதையும் இவ்வாறே உடன்பாடு எனக் கொள்ளலாகாது என்பது அவர் கருத்து. தாதி உறங்கும் நிலையிற் கப்பலேறியவரல்லர் என்பது உண்மையே. ஆனால், விழித்த நிலையில் ஏறினும் நடுக்கடல் நடுக்கடலே. ஏறியவர் இறங்கக்கூடிய துறைமுகங்கள் உளவா என்பதே சம்மதத்தின் உரைகல்லாகும்.

பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாதியர் ஐக்கிய அமெரிக்காவிற்குச் சென்ற வரலாறு இதனை விளக்குதற்கு மிகவும் பொருத்தமானது. அமெரிக்க ஆட்சியின் கீழ் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே அங்குத் தாதியர் பயிற்சிப் பள்ளிகள் தோன்றிவிட்டன. பாடமொழி ஆங்கிலம், பயிற்சி முறை அமெரிக்க முறை. ஏற்றுமதிக்கென அவை நிறுவப்படவில்லையாயினும், கடலுக்கு அப்பாலுள்ள வைத்தியசாலையொன்றில் மறுநாளே வேலை தொடங்கக்கூடிய பெண்களை அவை உருவாக்கின. 1948ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா பரிமாற்ற விருந்தினர் திட்டமொன்றை ஏற்படுத்தியது. பனிப்போர் தொடங்கிய காலம் அது. பிறநாட்டார் வந்து, அமெரிக்க வாழ்வைக் கண்டு, கற்று, இரண்டு ஆண்டளவில் தாய்நாடு திரும்பி அந்நாட்டின் நற்பெயரைப் பரப்புதல் வேண்டும் என்பது நோக்கம். வந்தவருட் பெருந்தொகையினர் பிலிப்பைன்ஸ் தாதியராக இருந்தனர். ஆட்பற்றாக்குறையால் வாடிய வைத்தியசாலைகள் பலவற்றில் இவர்கள் முழுநேரத் தாதியரின் வேலையைச் செய்தனர். ஆயின், பெற்றது பயிலுநருக்குரிய உதவிப்பணமே. கல்வி என்ற பெயர் இங்குச் சம்பளத்தைக் குறைப்பதற்குரிய கருவியாயிற்று. விருந்தினர் என்ற சொல்லுக்கு உலகில் இதைவிட விசித்திரமான பொருள் வேறெங்கும் வழங்கியதாகத் தெரியவில்லை.

இதனிலும் ஆழ்ந்து நோக்கற்பாலது 1970ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு சிறு சட்டத் திருத்தமாகும். 1952ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் எச்-1 என்ற தற்காலிக விசாவை உண்டாக்கியபோது, வருபவர் மட்டுமன்றி அவர் செய்ய வரும் வேலையும் தற்காலிகமானதாய் இருத்தல் வேண்டும் என விதித்திருந்தது. 1970ஆம் ஆண்டின் திருத்தம் இரண்டாவது நிபந்தனையை நீக்கிவிட்டது. அதன் பின்னர் எச்-1 விசாவில் வருபவர் நிரந்தரமான வேலையொன்றைச் செய்யலாம். ஆனால் தாம் மட்டும் தற்காலிகமானவராகவே இருத்தல் வேண்டும். இதன் பொருளைச் சற்று நின்று சிந்தித்தல் தகும். நோய் தற்காலிகமானது அன்று. இரவு நேரக் கடமை தற்காலிகமானது அன்று. கட்டில்கள் ஆண்டுதோறும் நிறைகின்றன. இவ்வாறு முடிவிலாத் தேவையொன்றை முடிவுத் திகதி குறிக்கப்பட்ட மனிதரைக் கொண்டு நிறைவு செய்யும்போது, 'தற்காலிகம்' என்னும் சொல் காலத்தைக் குறிப்பதை விட்டு உறவைக் குறிக்கத் தொடங்குகின்றது. வேலை தருபவர் எப்போதும் இருப்பவர். வேலை செய்பவர் எப்போது வேண்டுமானாலும் இல்லாமற் போகக்கூடியவர். இவ்விருவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேரம் பேசுகின்றனர் எனச் சட்டம் பாவனை செய்கின்றது.

எழுபதுகளில் எச்-1 விசாவில் வந்த தாதியர் பலர் அமெரிக்க மாநிலங்கள் நடத்திய பதிவுப் பரீட்சையில் முதன்முறை தேறத் தவறினர். தவறியவர் தாதியாகப் பணிபுரியும் தகுதியை இழந்தார். தகுதியை இழந்தவர் விசாவையும் இழக்கும் நிலைக்கு உள்ளானார். வேலையால் தாதியராகவும் பெயரால் உதவியாளராகவும் இருந்து, உதவியாளரின் சம்பளத்தையே பெற்றவர்கள் அக்காலத்தில் இருந்தனர். முறையிட்டால் நாடு கடத்தப்படலாம் என்ற அச்சம் அவர்தம் வாயை அடைத்தது. தாயகத்திலேயே தகுதி காணும் பரீட்சையை நடத்தும் பொருட்டு 1977ஆம் ஆண்டில் தனி நிறுவனமொன்று அமைக்கப்பட்டது. பின்னர் 1989ஆம் ஆண்டின் தாதியர் குடிவரவு நிவாரணச் சட்டம், ஏற்கெனவே வந்து மூன்றாண்டுகள் பணிபுரிந்த எச்-1 தாதியர் நிரந்தர வதிவிட உரிமை பெற வழி வகுத்தது. அதே சட்டம் தாதியர்க்கென உண்டாக்கிய எச்-1ஏ விசா 1995ஆம் ஆண்டில் முடிவுற்றது. பற்றாக்குறைப் பிரதேசங்களுக்காக 1999ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட எச்-1சி, ஆண்டுக்கு 500 பேர் என்ற வரையறையுடன் இயங்கி, 2009ஆம் ஆண்டில் மறைந்தது. இன்று சாதாரண வாட்டுத் தாதி ஒருவர் அந்நாட்டிற்குச் செல்லும் தற்காலிக வழிகள் ஒடுங்கிவிட்டன. பட்டத்தை அடிப்படைத் தகுதியாக வேண்டும் சிறப்புப் பணிகளுக்கு மட்டுமே எச்-1பி கிடைக்கும். கனேடியருக்கும் மெக்சிக்கோ நாட்டவருக்கும் வர்த்தக உடன்படிக்கையின் வழி வேறொரு விசா உண்டு. ஏனையோர் நிரந்தரக் குடிவரவு வரிசையில் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கின்றனர். ஆதலால், தாதி எவருக்கும் எச்-1பி இலகுவிற் கிடைக்கும் எனக் கூறும் முகவரின் சொல்லை முதற்கண் ஐயுறுதல் வேண்டும்.

விசாக்களின் பெயர்கள் மாறினும் அவற்றின் பொறிமுறை மாறவில்லை. விண்ணப்பம் செய்பவர் தொழில்கொள்வோர். விசா அவருடைய பெயரோடு பிணைந்தது. வேலையை விட்டவர், அல்லது நீக்கப்பட்டவர், நாட்டில் இருக்கும் உரிமையையும் உடன் இழக்கத் தொடங்குகின்றார். ஐக்கிய அமெரிக்காவில் எச்-1பி முதலிய விசாக்களில் இருப்போருக்கு 2017ஆம் ஆண்டின் விதியொன்று அதிகபட்சம் 60 நாள் அவகாசம் அளித்தது. பிரித்தானியாவிலும், வேலை முடிந்து, உள்நாட்டு அலுவலகம் விசாவைச் சுருக்குமாயின், வழமையாகக் கொடுக்கப்படுவது 60 நாட்களே. இந்நாட்களுக்குள் புதிய தொழில்கொள்வோரைத் தேடி, அவர் விண்ணப்பம் செய்யவும் வேண்டும். ஒரு வாட்டில் ஒரு தாதி நாற்பது நோயாளரைக் கவனிக்குமாறு பணிக்கப்படும்போது 'இயலாது' என்று கூறும் துணிவு அவருக்கு வரவேண்டுமாயின், அந்த 60 நாட்களை அவர் மனத்திற்குள் எண்ணி முடித்திருத்தல் வேண்டும். உள்நாட்டுத் தாதி இவ்வாறு நாட்களை எண்ணுவதில்லை.

விசாவின் மேல் கடன் ஏறும்போது வாயில் முற்றாக அடைபடுகின்றது. இக்கடன் இரு வகையினது. புறப்படுமுன் முகவருக்குக் கட்டிய பணம் ஒன்று. உரிய காலத்திற்கு முன் விலகினாற் செலுத்துவதாக ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகை மற்றொன்று. முதலாவதனைச் சர்வதேச தொழில் தாபனத்தின் 1997ஆம் ஆண்டுச் சமவாயம், சில விலக்குகளைத் தவிர, கூடாது என்கின்றது. இரண்டாவது பற்றிய தெளிவு ஏற்பட நெடுங்காலம் சென்றது. அதற்கு நியூயோர்க் மாநிலத்தில் நிகழ்ந்த வழக்கொன்று சான்றாகும்.

2006ஆம் ஆண்டு ஏப்ரலில், லோங் ஐலண்டிலுள்ள பராமரிப்பு இல்லமொன்றிற் பணிபுரிந்த பத்துப் பிலிப்பைன்ஸ் தாதியர் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வேலையிலிருந்து விலகினர். வாக்களிக்கப்பட்ட இடத்தில் வாக்களிக்கப்பட்ட நிறுவனத்தின் கீழ் வேலை தரப்படவில்லை, கொடுப்பனவுகள் ஒப்பந்தப்படி அமையவில்லை என்பன அவர்தம் குறைகள். மூன்றாண்டு பணிபுரிவதாக ஒப்பமிட்டிருந்த அவர்கள் இடையில் விலகினால் 25,000 டொலர் செலுத்தவேண்டும் என ஒப்பந்தம் கூறியது. அவர்கள் தத்தம் கடமை நேரம் முடிந்த பின்னரே விலகினர். எனினும், அவ்வில்லத்திற் சுவாசப் பொறியின் துணையுடன் வாழ்ந்த குழந்தைகள் இருந்தமையால், 2007ஆம் ஆண்டில், குழந்தைகளின் நலனுக்கு ஆபத்து விளைவித்தமை, சதி ஆகிய குற்றங்கள் அப்பதின்மர் மீதும், அவர்களுக்கு ஆலோசனை வழங்கிய சட்டத்தரணி மீதும் சுமத்தப்பட்டன. தாதியரின் தொழில் ஒழுக்கத்தை மேற்பார்வை செய்யும் மாநிலக் கல்வித் திணைக்களம் அதற்கு முன்னரே விசாரித்து, குற்றம் காணாது விட்டிருந்தது. ஈற்றில் 2009ஆம் ஆண்டு ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழக்கைத் தொடரவே கூடாது எனத் தடுத்தது. வேலையிலிருந்து விலகியமைக்காக ஒருவரைக் குற்றவாளியாக்குதல், கட்டாய ஊழியத்தைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திற்கு முரணானது என்பது அதன் தீர்ப்பு.

இத்தாதியர் தற்காலிக விசாவில் வந்தவரல்லர், நிரந்தர வதிவிட உரிமை தரும் விசாவிலேயே வந்தவர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நாட்டில் இருக்கும் உரிமை கையில் இருந்தும், வழக்கு முடியும்வரை ஏறத்தாழ இரண்டாண்டுகள் சிறைவாசத்தின் நிழலில் வாழ்ந்தனர் என்றால், அவ்வுரிமையும் இல்லாத ஒருவர் விலகத் துணிவாரா? இதே ஒப்பந்த முறையின் கீழ் வந்த இருநூறுக்கும் மேற்பட்ட தாதியர் சார்பாகத் தொடரப்பட்ட வேறொரு வழக்கில், 2019ஆம் ஆண்டிற் கூட்டாட்சி நீதிமன்றம், அந்த 25,000 டொலர் உண்மையான நட்டத்தின் மதிப்பீடு அன்று, விலகாதிருக்கச் செய்யும் தண்டம் என்று கண்டு, அதனைக் கொண்டு அச்சுறுத்தியமை ஆட்கடத்தலுக்கு எதிரான சட்டத்தை மீறியதாகும் எனத் தீர்த்தது. சங்கிலியோ, பூட்டோ, சவுக்கோ இவ்வழக்கில் இல்லை. ஒரு தொகையும் ஒரு தாளும் மட்டுமே இருந்தன.

ஓர் எண் இங்குக் கவனத்தை ஈர்க்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் 13ஆவது திருத்தம் நிறைவேறிய ஆண்டு 1865. அதே ஆண்டில் இலங்கையில் நிறைவேறிய 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப இடமளித்தது. மலையகத் தோட்டங்களில் இச்சட்டத்தோடு 'துண்டு' என்ற முறையும் சேர்ந்தியங்கியது. தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரை அழைத்து வந்த கங்காணி அவர்களுக்கு முற்பணம் கொடுத்திருப்பான். இவ்வளவு கடன் தீர்க்கப்படின் இக்கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிக்கத் தயார் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சிறு தாளே துண்டு. அடுத்த தோட்டத்துத் துரை அத்தொகையைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். கடன் தோட்டத்திற்குத் தோட்டம் பெயர்ந்தது, பெயருந்தோறும் வளர்ந்தது, கடனாளியாகிய தொழிலாளி தன் கணக்கைக் கண்ணாற் கண்டதில்லை. 1921ஆம் ஆண்டில் இம்முறை ஒழிக்கப்பட்டது. வெள்ளைச் சீருடை அணிந்த பட்டதாரித் தாதியைத் தேயிலைத் தோட்டக் கூலியோடு ஒப்பிடுதல் மிகை எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சம்பளத்தில், கல்வியில், வாழ்க்கை வசதியில் இருவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு என்பது மெய்யே. ஆயினும், முற்பணம், குறித்த இடம், பிறரால் எழுதப்படும் கணக்கு, விலகலுக்கு ஒரு விலை என்னும் நான்கும் இரண்டிடத்தும் ஒன்றே.

விலகும் உரிமை ஏன் இத்துணை முதன்மை பெறுகின்றது? 1944ஆம் ஆண்டிற் புளோரிடா மாநிலச் சட்டமொன்றைச் செல்லாததாக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் இதற்கு விடை தந்துள்ளது. மிகை வேலை, குறை சம்பளம், கொடிய நடத்துகை ஆகிய யாவற்றிற்கும் எதிராகத் தொழிலாளிக்கு உள்ள பொதுவான காப்பு வேறொரு தொழில்கொள்வோரிடம் செல்லக்கூடிய உரிமையே என்பது அத்தீர்ப்பின் கருத்து. ஏனைய உரிமைகள் தாளில் இருப்பினும், இவ்வொன்று இல்லையேல் அவற்றைக் கேட்பதற்குத் தைரியம் இராது. ஜே. எஸ். மில் இதனை வேறொரு திசையிலிருந்து அணுகியவர். ஒருவர் தம் நலனைத் தாமே தீர்மானிக்கட்டும், சமூகம் குறுக்கிடலாகாது என்று ஓயாது வற்புறுத்திய அவரே, 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், ஒருவன் தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் மட்டும் செல்லாது என்றார். பிற தெரிவுகள் யாவும் மேலும் தெரிவுசெய்ய இடம் வைப்பன. இத்தெரிவோ தெரிவையே ஒழிப்பது. மூன்றாண்டு ஒப்பந்தம் அடிமைமுறை அன்று. எனினும், மில் காட்டிய அளவுகோல் இங்கும் பயன்படும். ஓர் ஒப்பந்தம் நாளைய தெரிவுகளை எவ்வளவுக்கு அழிக்கின்றதோ அவ்வளவுக்கு இன்றைய கையொப்பத்தின் வலிமை குறைகின்றது.

மறுதரப்பு வாதத்தையும் நேர்மையாகக் கேட்டல் வேண்டும். தொழில்கொள்வோர் விமானச் செலவு, விசாக் கட்டணம், பயிற்சி, பதிவு ஆகியவற்றிற்குப் பணம் செலவிடுகின்றார். வந்த மூன்றாம் மாதமே தாதி வேறிடம் சென்றால் அவருக்கு நட்டம் ஏற்படும் என்பதில் ஐயமில்லை. வாக்கைக் காத்தல் ஓர் அறமே. எனவே, உண்மையாகச் செலவான தொகையில், பணிபுரிந்த மாதங்களுக்கேற்பக் குறைந்துகொண்டு செல்லும் ஒரு பங்கைத் திருப்பித் தருமாறு கேட்பது அநீதி எனச் சொல்லிவிட முடியாது. அநீதி எங்குத் தொடங்குகின்றது என்றால், முதல் நாளிலும் இறுதி மாதத்திலும் ஒரே தொகை கேட்கப்படும்போது. அது தாதியின் ஓராண்டுச் சேமிப்பை விழுங்குமளவு பெரிதாகும்போது. தொழில்கொள்வோர் தம் வாக்கைத் தவறியமைக்கு அதே தாளில் எவ்விலையும் குறிக்கப்படாதபோது. வாக்கு இருவரைக் கட்டவேண்டும். ஒருவரை மட்டும் கட்டுவது வாக்காகாது, கட்டு மட்டுமே ஆகும். மனிதரை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்ற கான்ற் அவர்களின் கூற்றும் இவ்விடத்திலேயே பொருள் பெறுகின்றது. ஒருவரின் உழைப்பைப் பயன்படுத்துதல் தவறன்று. அவர் மறுத்துரைக்கக்கூடிய ஒருவர் என்பதை மறப்பதே தவறு.

இவற்றிலும் கடினமான வாதம் நோயாளியின் பெயரால் எழுவது. அவர் எவ்வொப்பந்தத்திலும் ஒப்பமிட்டவரல்லர். சுவாசப் பொறியிற் கிடக்கும் குழந்தைக்கு முகவரும் தெரியாது, விசாவும் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும் என்பது மட்டுமே அதன் தேவை. கடமை நேரத்தின் நடுவிற் கட்டிலை விட்டு நீங்கும் தாதி, அவருடைய குறைகள் எத்துணை நியாயமானவையாயினும், அக்குழந்தைக்குத் தீங்கு செய்தவரே. இதனைத் தாதியர் எவரும் மறுப்பதில்லை. அவர்தம் தொழிலறம் அதனைத்தான் போதிக்கின்றது. ஆனால், கடமையை ஒப்படைத்து, நேரம் முடிந்து வெளியேறியவர் நாளையும் வரவேண்டும், மறுநாளும் வரவேண்டும், மூன்றாண்டும் வரவேண்டும் என்று நோயாளியின் முகத்தைக் காட்டி வற்புறுத்துவது வேறு. நாளைய தாதியைத் தேடுதல் இல்லத்தை நடத்துவோரின் கடமை. அவ்வில்லம் போதிய ஆட்களை நியமிக்காது சிக்கனம் செய்து, அச்சிக்கனத்தின் பாரத்தைத் தாதியின் மனச்சாட்சி மீது ஏற்றுமாயின், அங்குக் கருவியாக்கப்படுபவர் தாதி மட்டுமல்லர். நோயாளியும் பிணையாக வைக்கப்படுகின்றார். தாதியின் இரக்கம் தொழில்கொள்வோருக்குக் கிடைத்த இலவசப் பூட்டு என்று சொல்வது கடுமையாகத் தோன்றினும் பொய்யன்று.

தாயகத்து நோயாளரின் உரிமை பற்றியும் பலர் பேசுகின்றனர். 2010ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோவை, வறிய நாடுகளின் வைத்தியசாலைகளை வெறுமையாக்கும் ஆட்சேர்ப்பைச் செல்வ நாடுகள் தவிர்க்குமாறு வேண்டியது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர் இலங்கையிலிருந்தும் மருத்துவரும் தாதியரும் வெளியேறியதைக் கண்டோருக்கு இதன் பாரம் புரியும். ஆயினும், இது அரசுகள் தீர்க்கவேண்டிய கணக்கு. அரசு கொடுக்கத் தவறிய சம்பளத்தைத் தேடிச் செல்பவரைத் துரோகி என்பதும், அவரை அனுப்பி அந்நியச் செலாவணி பெற்றுத் தியாகி என்பதும் ஒரே நாட்டில் ஒரே வாயால் நிகழக் காணலாம்.

கடல் கடக்க எண்ணும் தாதி ஆராயவேண்டியது இவ்வாறு தெளிவாகின்றது. சம்பளம் எவ்வளவு என்பதையே எல்லோரும் முதலிற் கேட்கின்றனர். முகவரும் அதற்கே ஆயத்தமாக இருக்கின்றார். ஆறாம் மாதத்தில் விலகினால் யாது நிகழும் என்று கேட்கப்படும்போதே அவருடைய முகம் மாறும். அத்தொகை எவ்வாறு கணிக்கப்பட்டது, மாதந்தோறும் குறையுமா, தொழில்கொள்வோர் நீக்கினாலும் செலுத்தவேண்டுமா என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும். ஒப்பந்தத்திற் குறிக்கப்பட்ட வைத்தியசாலையே உண்மையான தொழில்கொள்வோரா, அன்றி ஆட்களை வாடகைக்கு விடும் இடைநிறுவனமா என்பது புறப்படுமுன் அறியப்படல் வேண்டும். லோங் ஐலண்டிற் பிணக்கு வேர்விட்டது அங்கேதான். அந்நாட்டுப் பதிவு கிடைக்கும்வரை எப்பெயரில், எச்சம்பளத்தில் வேலை செய்வது என்பதும் அவ்வாறே. கடவுச்சீட்டைப் 'பாதுகாப்பிற்காக' வாங்கி வைப்பவரிடம் அதனைக் கொடுத்தலாகாது. விமான நிலையத்திற் புதிதாக நீட்டப்படும் தாள், ஊரிற் காட்டப்பட்ட தாளோடு சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கின்றதா எனப் பார்க்க அவ்வேளையிற் பொறுமை இராது. ஆதலால், முதற் பிரதியொன்றை வீட்டாரிடம் விட்டுச் செல்லுதல் நன்று. இவையெல்லாம் சந்தேகப் பிராணிகளின் செயல் என்று நகைப்பவர் உளர். அவர்கள் பெரும்பாலும் கடன் வாங்காதவர்கள்.

இத்தகைய எச்சரிக்கைகள் எல்லாம் தனியொருவரின் தோளில் ஏற்றப்படுவதிலும் ஓர் அநீதி இருக்கின்றது. வாயிலை அடைத்தவர் எவரோ இருக்க, அடைபட்ட வாயிலை முன்கூட்டியே கண்டறியவில்லை என உள்ளே சென்றவரைக் கடிந்துகொள்வது போன்றது அது. சில வேளைகளில் உள்ளே சென்றவர்களே ஒன்றுகூடி வாயிலைத் திறந்ததும் உண்டு. மேற்கு ஜேர்மனி அறுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து 1976ஆம் ஆண்டுவரை தென்கொரியாவிலிருந்து ஏறத்தாழ 10,000 தாதியரை மூன்றாண்டு ஒப்பந்தங்களில் வரவழைத்தது. எழுபதுகளிற் பொருளாதாரம் தளர்ந்தபோது, அனுமதிகள் புதுப்பிக்கப்படாமல் அவர்களுட் பலர் திரும்பிச் செல்லுமாறு பணிக்கப்பட்டனர். பத்தாண்டு காலம் அந்நாட்டு நோயாளரைத் தூக்கி அமர்த்திய அப்பெண்கள் அதனை ஏற்கவில்லை. வைத்தியசாலைகளுக்கு வேண்டியபோது வந்தவர்கள் தாங்கள், ஆனால் சரக்கல்லர், திரும்பும் நாளைத் தாங்களே தீர்மானிப்பர் என்று கூறித் தெருவில் நின்று கையொப்பங்கள் சேகரித்தனர். தம் சொந்தக் கையொப்பத்தால் வந்தவர்கள் பிறருடைய கையொப்பங்களைக் கேட்டு நின்றனர். நோயாளரும் உடன் பணிபுரிந்தவரும் வழியிற் சென்றவரும் ஒப்பமிட்டுக் கொடுத்தனர். 1978ஆம் ஆண்டளவில் அவர்களுக்குத் தங்கும் உரிமை கிடைத்தது. அவ்வுரிமையைப் பெற்றவருட் சிலர் அங்கேயே வாழ்ந்து முதுமை எய்தினர்; சிலர் வட அமெரிக்காவுக்குச் சென்றனர்; வேறு சிலர், எவரும் போகச் சொல்லாத ஒரு நாளில், கொரியாவுக்குத் திரும்பினர்.